ஸ்கின்னர் குதிரைப்படை நூல், 1851 முதற்பதிப்பு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை, வாங்கியபின் செய்யக் கூடாதவை

'ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ்' குதிரைப்படையை உருவாக்கிய ஜேம்ஸ் ஸ்கின்னரைப் பற்றிப் பின்னாளில் பல நூல்கள் வந்தாலும் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது ஒன்றைத்தான்: 'மிலிட்டரி மெமாய்ர் ஆஃப் லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர், சி.பி.' எழுதித் தொகுத்தவர் ஜே. பெய்லி ஃப்ரேசர். வெளியிட்டவர்கள் லண்டன் கார்ன்ஹில் 65ஆம் எண்ணிலிருந்த ஸ்மித், எல்டர் நிறுவனத்தார். ஆண்டு 1851, இரண்டு தொகுதிகள்.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது தெரிந்தால்தான் எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்க முடியாது என்று முடிவெடுக்க முடியும். 1778இல் பிறந்த ஸ்கின்னரின் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். தாய் ராஜபுத்திரப் பெண். கலப்பினத்தவர் என்பதால் கம்பெனிப் படையில் அதிகாரியாகச் சேர வழியில்லை. மராத்திய மன்னர் சிந்தியாவின் படையில், பிரெஞ்சு வழித் தளபதிகளின் கீழ் போர்த்தொழில் கற்றார். 1803இல் ஆங்கிலேயருக்கும் மராத்தியருக்கும் போர் மூண்டபோது அங்கிருந்து வெளியேற்றப்பட்டு ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜெனரல் லேக்கிடம் வந்தார். மராத்தியர் பக்கமிருந்து வந்து சேர்ந்த குதிரைவீரர்கள் இவரையே தலைவராகக் கேட்டார்கள். மஞ்சள் அங்கி அணிந்த அந்தப் படை, ஹரியானாவின் ஹான்சியைத் தளமாகக் கொண்டு வளர்ந்தது. வீரன் தன் குதிரையையும் ஆயுதத்தையும் தானே கொண்டுவந்து, மாதச் சம்பளம் வாங்கும் சிலேதார் முறை அங்கே நடந்தது. 'சிக்கந்தர் சாகிப்' என்று வீரர்கள் அழைத்த இந்த மனிதர், தன் வாழ்க்கையைப் பாரசீக மொழியில் எழுதிவைத்தார். 1841 டிசம்பரில் அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து அதை ஆங்கிலத்தில் உலகுக்குத் தந்தவர் ஃப்ரேசர். அவருடைய தம்பி வில்லியம் ஃப்ரேசர் இதே படையில் ஸ்கின்னருக்கு அடுத்த நிலையில் பணியாற்றியவர்; 1835இல் டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆக, இது படைத்தலைவன் தன் ஆட்களைப் பற்றிச் சொன்னதற்கு வெகு அருகில் நிற்கும் நூல். பைண்டிங்கின் அழகுக்காக இதை யாரும் வாங்குவதில்லை. உள்ளடக்கம் முழுமையாக இருக்கிறதா, இரண்டு தொகுதிகளும் பிறப்பிலேயே ஜோடியா என்ற இரண்டு கேள்விகளுக்கே முதல் இடம். முதுகு கிழிந்த முழுநூல், பளபளக்கும் தோல்கட்டுக்குள் எட்டுப் பக்கம் குறைந்த நூலைவிட எப்போதும் மேல்.

முதலில் மறுஅச்சுகளை ஒதுக்குங்கள்

இணையத்தில் இந்தத் தலைப்பைத் தேடினால் வருவதில் பெரும்பகுதி ஸ்கேன் செய்து, கேட்டபோது அச்சடித்துத் தரும் பிரதிகள்தான். பதிப்பாண்டுக் கட்டத்தில் '1851' என்றே போட்டிருப்பார்கள். சில கடைகள் அதையே தோல்கட்டில் பொன் எழுத்தோடு விற்கின்றன. விவரத்தை முழுதாகப் படித்தால் கடைசி வரியில் 'மறுபதிப்பு' என்று சிறிதாக இருக்கும். ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் அது 1851 பிரதி இல்லை. அந்த எண் முறை 1960களின் இறுதியில் வந்தது. 'புதியது' என்று நிலை குறிப்பிட்டிருந்தாலும், இரண்டு தொகுதிகளையும் ஒரே கட்டில் சேர்த்திருந்தாலும், பல பிரதிகள் இருப்பில் இருப்பதாகச் சொன்னாலும் அடுத்ததற்குப் போய்விடலாம். படிப்பதற்கு மட்டும் வேண்டுமென்றால் இந்த மறுஅச்சும் தேவையில்லை. நூல் காப்புரிமைக் காலம் தாண்டியது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்த ஸ்கேனை எப்படியும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் பிரதியைச் சரிபார்க்க அதுதான் உரைகல். ஒரே ஒரு ஸ்கேனை நம்பக் கூடாது. நூலகப் பிரதியிலும் படம் கிழிந்து போயிருக்கலாம், ஸ்கேன் செய்தவர் ஒரு பக்கத்தைத் தாண்டியிருக்கலாம். வெவ்வேறு நூலகங்களின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: ரோமன் எண்ணிட்ட முன்பக்கங்கள் எத்தனை, உள்பக்கங்கள் எந்த எண்ணில் முடிகின்றன, படங்கள் எத்தனை, எந்தப் பக்கத்துக்கு எதிரே, கடைசியில் பதிப்பாளரின் விளம்பரப் பட்டியல் இருக்கிறதா.

பக்க எண்ணை மட்டும் நம்பாமல் ஃபாரம் எண்ணுங்கள்

பழைய நூலைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது பக்கத்தின் அடிப்பகுதியை. ஒரே தாளில் அச்சடித்து மடித்துத் தைக்கும் பக்கங்களின் கட்டுதான் ஃபாரம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சகங்கள் ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் ஓர் எழுத்தை அச்சிட்டன. முன்பக்கங்களுக்கு 'ஏ' ஒதுக்கப்பட்டு, நூலின் முதல் பக்கம் வழக்கமாக 'பி'யில் தொடங்கும். ஃபாரத்துக்கு 16 பக்கம் என்றால் 'சி' 17ஆம் பக்கத்திலும் 'டி' 33ஆம் பக்கத்திலும் வரவேண்டும். 24 பக்க ஃபாரம் என்றால் 'சி' 25இல், 'டி' 49இல். முதல் இரண்டு எழுத்துகள் விழும் இடத்தைப் பார்த்தால் நூலின் கணக்கு பிடிபட்டுவிடும். பிறகு அதே இடைவெளியில் கடைசி வரை புரட்டிக்கொண்டே போகலாம்.

புதியவர்கள் பதறும் இடம் ஒன்று உண்டு. 'ஐ'க்குப் பிறகு 'ஜே' இருக்காது, நேராக 'கே' வரும். 'வி', 'டபிள்யூ' எழுத்துகளையும் காண முடியாது. அச்சகத்தார் 23 எழுத்துகளைத்தான் பயன்படுத்தினார்கள்; ஃபாரம் காணாமல் போனதாக நினைத்து நல்ல பிரதியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 'இசட்' முடிந்ததும் எழுத்து இரட்டித்து மறுபடி தொடங்கும்.

பல தொகுதி நூல்களில் இதே அடிவரியின் இடப்பக்கம் தொகுதி எண்ணும் இருப்பது வழக்கம். பைண்டர் மேசையில் முதல் தொகுதி ஃபாரமும் இரண்டாம் தொகுதி ஃபாரமும் கலந்துவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. என்றாலும் கலந்திருக்கிறது. குறிப்பாக இந்தியாவில் மறுகட்டு போட்ட பிரதிகளில் முதல் தொகுதிக்குள் இரண்டாம் தொகுதியின் ஒரு ஃபாரம் உட்கார்ந்திருப்பதும், அதே ஃபாரம் அங்கே இல்லாமல் போவதும் நடக்கக்கூடியதுதான். பக்க எண்கள் தொடர்ச்சியாகவே இருக்கும், அடிவரிதான் காட்டிக்கொடுக்கும்.

மறுகட்டில் அதிகம் தொலைவது அரைத்தலைப்பு. தலைப்புப் பக்கத்துக்கு முன்னால், சுருக்கமான பெயர் மட்டும் அச்சிட்ட தாள் அது. வெறுந்தாள் என்று நினைத்து பைண்டர் வீசிவிடுவார். ஸ்கேனில் அது இருந்து உங்கள் பிரதியில் இல்லையென்றால், படிப்பவருக்கு நட்டமில்லை. விலையில் மட்டும் அது தெரிய வேண்டும். விளம்பரப் பட்டியலில் தேதி இருந்தால் கவனியுங்கள். 1851க்குப் பிந்திய தேதி என்றால், அச்சடித்த தாள்கள் கிடங்கில் கிடந்து பிறகு கட்டப்பட்டவை என்று பொருள். போலி என்று ஆகாது, ஆனால் முதலில் கடைக்கு வந்த பிரதியும் ஆகாது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

'மிக நல்ல நிலை' என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழநூல் வியாபாரத்தில் வெறும் 'குட்' என்று போட்டிருந்தால் நடுத்தரத்துக்கும் கீழே என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படங்களைக் கேளுங்கள்:

- இரண்டு தொகுதிகளின் தலைப்புப் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும், ஒரே படத்தில் விரித்தபடி
- முதல் பக்க அடிவரியும் கடைசி அச்சுப் பக்கமும்
- முன்அட்டையும் நூலும் சேரும் உள்மடிப்பு
- இரண்டு முதுகுகளும் பக்கத்தில் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில்
- உள்ளட்டையில் உள்ள முத்திரை, கையெழுத்து, ஒட்டுச்சீட்டு எல்லாம்

தலைப்புப் பக்கத்தை எதிர்ப்பக்கத்தோடு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. செதுக்குத்தகட்டுப் படத்தின் மை, பல பத்தாண்டுகளில் எதிரே உள்ள தாளில் பழுப்பு நிழலாக இறங்கும். தலைப்புப் பக்கத்தில் நீள்சதுர நிழல் தெரிந்து, எதிரே படம் இல்லையென்றால் யாரோ அறுத்து எடுத்துவிட்டார்கள். நூலைவிடப் படத்துக்குச் சட்டம் போட்டு விற்பது லாபம் என்று இருந்த காலம் நெடுங்காலம். தைப்பின் ஓரத்தில் ஒரு செண்டிமீட்டர் தாள் துண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம்.

முதுகுகளைச் சேர்த்துப் பார்ப்பது ஜோடிப் பொருத்தத்துக்காக. துணிக்கட்டின் நிறம், பொன் எழுத்தின் அளவு, உயரம், உள்ளட்டைப் பெயர் இவை இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். ஒரு தொகுதி மட்டும் வெளிறியிருந்தால், அலமாரியில் சன்னல் பக்கம் இருந்த காரணமாகவும் இருக்கலாம். பெயர் மாறினால்தான் சங்கடம். வெவ்வேறு வீட்டிலிருந்து வந்து சேர்ந்த ஜோடிக்கு, கூடப் பிறந்த ஜோடியின் விலை கிடையாது. ஒற்றைத் தொகுதியைப் 'பிறகு மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம்' என்று வாங்குவது பெரும்பாலும் வீண். தேடும் தொகுதி தனியாக வருவது அரிது, வந்தாலும் கட்டு ஒத்துப்போகாது.

நூலக முத்திரை விலையைக் குறைக்கும். இந்த நூலைப் பொறுத்தவரை அதற்கு ஒரு விலக்கு உண்டு: படைப்பிரிவு மெஸ், கன்டோன்மென்ட் நூலகம், ஹான்சி–ஹிசார் வட்டாரத்து அதிகாரி இவர்களின் முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் விலை ஏறவே செய்யும். ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் இன்றும் இந்தியத் தரைப்படையின் கவசப் பிரிவாக இருக்கிறது. அதோடு தொடர்புள்ள பிரதிகளைக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. நூலகம் 'நீக்கப்பட்டது' என்று முத்திரையிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாத நூலக நூல் திருட்டுப் பொருளாக இருக்கலாம். விற்பவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

கையில் வந்ததும் டார்ச்சும் லென்ஸும்

ஒட்டுவேலை செய்த பிரதியைக் கண்டுபிடிப்பது நேரில்தான் முடியும். இருட்டறையில், டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுத்தாற்போலப் பிடித்து தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். ஈய எழுத்தில் அச்சானது என்றால் ஒவ்வொரு எழுத்தும் தாளை அழுத்தியிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் அந்த அழுத்தம் மெல்லிய மேடாகத் தெரியும், விரல் நுனிக்கே தட்டுப்படும். நகல் தாளில் எழுத்து சமதளமாகக் கிடக்கும். 10 மடங்கு லென்ஸில் டோனர் துகள்கள் தாளின் மேல் மினுமினுப்பாக உட்கார்ந்திருக்கும், எழுத்தைச் சுற்றிச் சிதறிய புள்ளிகளும் தெரியும். ஈய அச்சில் மை எழுத்தின் விளிம்பை நோக்கி நெருக்கப்பட்டு, ஓரம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். புறஊதா டார்ச் இருந்தால் இன்னும் எளிது: 1851 தாள் மங்கலாக இருக்கும், நவீன வெண்மையூட்டி கலந்த தாள் நீலமாக ஒளிரும்.

பூச்சித் துளையும் ஒரு சாட்சி. புழு தாள்களை வரிசையாகக் குடைந்து போகும். 80லிருந்து 120 வரை ஓடும் துளை 97–98ஆம் தாளில் மட்டும் இல்லையென்றால், அந்தத் தாள் வேறு பிரதியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. நீர்க்கறைக்கும் இதே கணக்கு.

பழுப்புப் புள்ளிகளுக்கு அஞ்ச வேண்டாம். அக்காலத்துத் தாள் பெரும்பாலும் கந்தல்துணிக் கூழில் செய்தது. புள்ளி விழுந்தாலும் மடித்தால் ஒடியாது. தாளில் இருந்த இரும்புத் துகளும் ஈரத்தில் வளர்ந்த பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை அது. வெளுக்கும் மருந்து போட்டுப் போக்கிய பிரதிகள் சந்தையில் உலவுகின்றன: தாள் அளவுக்கு மீறி வெள்ளையாக, உயிரற்றுத் தொளதொளவென்று இருக்கும், நுகர்ந்தால் சில சமயம் குளோரின் வாடை. புள்ளியோடு இருப்பதே உத்தமம்.

சீர்செய்வது: முடிந்தவரை குறைவாக

நல்ல பிரதிகள் கெடுவது அச்சானபின் வந்த 'ரிப்பேர்'களால்தான். செல்லோ டேப் முதல் எதிரி. சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கி நின்றுவிடும். அடுத்தது, தெருமுனை பைண்டரின் மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அந்தச் செம்புச் சத்து தாளை மெல்ல மெல்லத் தின்று, பசை பட்ட இடத்தைப் பழுப்பாக்கி ஒடிய வைக்கும். பள்ளி நோட்டுக்குப் பரவாயில்லை, இதற்கு வேண்டாம். மறுகட்டு போடுகிறேன் என்று மூன்று ஓரங்களையும் வெட்டிச் சமப்படுத்துவதும் இங்கேதான் நடக்கும். போன ஓரம் திரும்பி வராது, ஓரக்குறிப்புகளின் பாதி எழுத்தும் அதோடு போகும்.

சிறு கிழிசலை நீங்களே ஒட்டலாம். தேவை ஜப்பானிய மல்பெரித் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். ஸ்டார்ச் ஒரு பங்கு, வடித்த நீர் ஐந்து பங்கு. அரைமணி ஊறவைத்து, சிறுதீயில் கைவிடாமல் கிளறி, கண்ணாடிபோல ஆகும்வரை 20–30 நிமிடம் காய்ச்சுங்கள். ஆறியபின் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, பாலேட்டுப் பதத்துக்கு நீர்விட்டுத் தளர்த்த வேண்டும். மைதாவைப் போடாதீர்கள், அதிலுள்ள பசைப்புரதம்தான் பூச்சியை அழைக்கும். மல்பெரித் தாளைக் கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடிட்டுக் கிழித்தெடுங்கள். விளிம்பில் நார் பிசிறு நின்றால்தான் ஒட்டு மறையும். கிழிசலைவிட இருபுறமும் 2–3 மில்லிமீட்டர் அகலம் போதும். ஒட்டி, மேலும் கீழும் பாலியெஸ்டர் வலையும் மையொற்றுத் தாளும் வைத்து, பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பசை அதிகமானால் தாள் சுருங்கி அலையலையாக நிற்கும். அதைவிடப் பெரிய கிழிசலையும், உடைந்த தைப்பையும் பழநூல் பாதுகாப்புப் பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

தோல்கட்டுப் பிரதியைத் தொட்டால் விரலில் செங்கல் நிறத்தூள் ஒட்டுகிறதா? காற்றிலுள்ள கந்தக வாயு தோலில் அமிலமாகி அதைச் சிதைத்துக்கொண்டிருக்கிறது. தேங்காயெண்ணெய், ஷூ பாலிஷ், தோல் கிரீம் எதுவும் கூடாது. தோல் கருத்து, பிசுபிசுத்து, பூஞ்சை பிடிக்கும். குளூசெல் ஜி என்ற பெயரில் விற்கும் செல்லுலோஸ் பொடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1–2 விழுக்காடு கரைத்து, மென்தூரிகையால் மெல்லிசாக ஒரு கை; காய்ந்தபின் தேவைப்பட்டால் இன்னொரு கை. முதலில் கண்ணில் படாத மூலையில் பூசி, நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். தூள் நிற்கும், சிதைந்த தோல் மட்டும் பழையபடி வராது.

நம் ஊர்க் காற்றில் வைத்திருப்பது

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். 45லிருந்து 55 வரை இருந்தால் நலம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சிறு ஈரமானியை அலமாரிக்குள்ளேயே வையுங்கள், அறைச் சுவரில் மாட்டிப் பயனில்லை. அமிலமில்லா அட்டையில் அளவெடுத்துச் செய்த பெட்டி தொகுதிக்கு ஒன்று. அவற்றை மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, 200–250 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் போடலாம். நிறம் மாறியதும் ஜெல்லை 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் உலர்த்தித் திரும்ப வையுங்கள். 40க்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள்; அட்டை வில்லாக வளையும்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். கரையானும் சுவரீரமும் அந்த வழியாகத்தான் வரும். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைக்கும் பழக்கத்தை விடுங்கள், தாளில் இலையின் கறை அப்படியே பதியும். தஞ்சை சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கற்பூரம் சேர்த்துப் பொட்டலம் கட்டுவார்கள். அதை அலமாரி மூலையில் வைக்கலாம், நூலில் படக்கூடாது. அதுவும் பூச்சியை அண்டவிடாது, அவ்வளவுதான். உள்ளே புகுந்துவிட்ட புழுவைக் கொல்லாது.

பக்கங்களுக்கிடையே புதிதாக மாவு போன்ற தூள் உதிர்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது. நூலைப் பாலித்தீன் பையிலிட்டுக் காற்றை வெளியேற்றி, ஒட்டி மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் வேர்க்கும், புழு போய்ப் பூஞ்சை வரும்.

படிக்கும்போது இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து 120 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். கையுறை தேவையில்லை, விரலின் உணர்வு போய்த் தாள் கிழியவே அது வழிசெய்யும். கழுவித் துடைத்த கை போதும்.

சட்டத்தில் ஒரு வரி

இந்தியாவுக்குள் வாங்கி இங்கேயே வைத்திருப்பதில் சிக்கலில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கோ வாங்குபவருக்கோ அனுப்பும் முன் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தைப் பாருங்கள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படியும் ஆவணமும் 75 ஆண்டு, மற்ற பொருள்கள் 100 ஆண்டு தாண்டினால் தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அச்சு நூலை அனுப்பும் முன் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று கேட்டுப் பெறுவது பாதுகாப்பு. நூலோடு சேர்த்து 'ஸ்கின்னர் எழுதவைத்த பாரசீகச் சுவடியின் ஓவியத் தாள்' என்று எதையாவது காட்டினால் இன்னும் விழிப்பாக இருங்கள். அவர் 1825இல் தொகுத்த, சாதிகளையும் தொழில்களையும் படங்களோடு விவரிக்கும் 'தஷ்ரீஹ் அல்-அக்வாம்' லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்திலும் இருக்கிறது. உதிரித் தாள் என்று வருவது புதிதாக வரைந்து பழசாக்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உண்மையானதாக இருந்தால் அதன் பூர்வீகச் சான்று இல்லாமல் தொடவே கூடாது.

வாங்கிய ரசீது, விற்பவரின் விவரக் குறிப்பு, நீங்கள் எடுத்த படங்கள், ஃபாரம் எண்ணிய தாள் எல்லாவற்றையும் ஒரே உறையிலிட்டு முதல் தொகுதியின் பெட்டிக்குள், நூலுக்கு வெளியே வையுங்கள். நூலில் ஏதேனும் எழுதியே ஆகவேண்டும் என்றால் 2பி பென்சிலில், பின்உள்ளட்டையின் கீழ்மூலையில்.